தோட்டம் கைமாறிய வாரம்

அடுத்தவர் போனை வாங்கி வைத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதற்கும் சம்பளம் உண்டு என்றால் வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வந்து பாருங்கள். தீப்பெட்டி, பீடி, போன் இந்த மூன்றும் கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. காலையில் வேனை விட்டு இறங்குகிற பொம்பளைப் பிள்ளைகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் முன்பு உள்ளேதான் திரி வெட்டிக்கொண்டிருந்தேன். கண் கொஞ்சம் மங்கிய பிறகு இங்கே உட்கார வைத்தார்கள். மகன் கோயம்புத்தூரிலும் மகள் மதுரையிலும் குடியிருக்கிறார்கள். எட்டாவது வரைக்கும் படித்த படிப்பு டோக்கன் நம்பர் பார்க்கத் தாராளமாகப் போதும்.

நான் உட்காருகிற கேட்டுக் கொட்டகையில் மாரியாத்தா படம் ஒன்று இருக்கிறது. இங்கே நெருப்பு ஆகாது என்பதால் விளக்கு கிடையாது, பூ மட்டும்தான். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு போனையும் தட்டில் வைக்கும்போது, "தாயே, வச்சவ கையாலேயே எடுத்துக்கிட வையி" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெடிமருந்து வேலை நடக்கிற இடத்தில் அந்த வேண்டுதலின் கனம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதைவிட லேசான சங்கதி. போன் வைத்திருக்கிற நீங்களும் ஒரு தடவையாவது படிக்காமல் 'சரி'யை அமுக்கி மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பீர்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

பத்து மணித் தண்ணீர்

போனில் தோட்டம் வளர்க்கிற விளையாட்டு ஒன்று. வேனில் வருகிற எல்லாரும் அதில் ஆளுக்கொரு தோட்டம் வைத்திருந்தார்கள். கத்தரி, மல்லி, கனகாம்பரம் எது வேண்டுமானாலும் போடலாம். சிநேகிதக்காரர் செடிக்கு நாம் தண்ணீர் ஊற்றலாம், பூ அனுப்பலாம். ஒரே ஒரு தொல்லை, காலை பத்து மணி வாக்கில் தண்ணீர் காட்டாவிட்டால் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். பத்து மணிக்கு இவர்கள் உள்ளே இருப்பார்கள், போன்கள் என்னிடம் இருக்கும். அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

பூட்டைத் திறப்பதில் கஷ்டமே இல்லை. எல்லாரும் தங்கள் டோக்கன் நம்பரையே, முன்னால் இரண்டு சைபரைப் போட்டு, போனுக்குப் பூட்டாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவேன். சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு இந்தப் பூக்களையும் பார்ப்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. எங்கள் வாட்ச்மேன் அய்யனாருக்குத்தான் பொறுக்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கிற மனுசர் அவர். ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க காட்டுல சோளம் தண்ணியில்லாமக் கெடக்கு. நீங்க இங்கன உக்காந்து கண்ணாடிக்குத் தண்ணி ஊத்துறீகளாக்கும்?"

லேபிள் அதேதான்

ஒரு திங்கட்கிழமை முத்துமாரியின் போனைத் திறந்தால் தோட்டத்தைக் காணோம். வெள்ளைத் திரையில் ஏதோ எழுதியிருந்தது. 'நமது தோட்டம் புதிய நிறுவனத்தின் குடும்பத்தில் இணைகிறது. உங்கள் விவரங்களும் உடன் வரும். சனிக்கிழமைக்குள் ஏற்காதவர்களின் தோட்டம் நீக்கப்படும்.' கீழே 'ஏற்கிறேன்', 'பிறகு' என்று இரண்டு கட்டங்கள். அடுத்த போனைத் திறந்தேன், அதிலும் அதே. எல்லாப் போனிலும் 'பிறகு' என்பதையே அமுக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என்னைத் தண்ணீர் ஊற்றத்தான் சொன்னார்கள், அவர்களுக்காகச் சம்மதம் சொல்லச் சொல்லவில்லையே.

மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த ஆட்டத்தை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். இவர்கள் இத்தனை நாள் அதில் எழுதினது, போட்ட படம், யார் யாரோடு பழக்கம் எல்லாம் அந்தக் கம்பெனி கைக்குப் போகுமாம். மத்தியானம் சாப்பிட வந்தவர்களிடம் சொன்னேன். முத்துமாரி டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பேரு அதே பேரு, படமும் அதே படம். லேபிளை அப்படியே வச்சுக்கிட்டு உள்ள மருந்தை மாத்திட்டான் யக்கா."

கூடவே போனது

"ஒரு வெளாட்டுல நம்மகிட்ட இருந்து எடுக்க என்ன இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். மருந்து ரூமில் வேலை பார்க்கும் பேச்சியம்மாதான் அதற்குப் பதில் சொன்னாள். எப்போதும் அதிகம் பேசாதவள். எங்கள் கம்பெனி போன வருசம் விலைக்குக் கைமாறியது. பழைய மேனேஜர் புது ஆளிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பீரோவுக்குள் எங்கள் எல்லாருடைய ஆதார் நகலும் போட்டோவும் இருந்தன. புது முதலாளி முதல் நாளே பேச்சியம்மாவைப் பார்த்து, பேரைச் சொல்லி, "ஒங்க வீட்டுக்காரருக்கு ஊர் ஆமத்தூர்தான?" என்று கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அவளுக்கு உடம்பு கூசிப்போனது.

அதை நினைத்துக்கொண்டு சொன்னாள்: "கட்டடத்தை வித்தாக, சரி. மிசினை வித்தாக, சரி. அதோட சேத்து என் மூஞ்சியையும் குடுத்தாகளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டாகளா?"

போர்மேனுக்கு வந்த அழைப்பு

இவ்வளவு பேசிவிட்டும் முத்துமாரி அன்று சாயங்காலம் வேனில் போகும்போதே 'ஏற்கிறேன்' என்பதை அமுக்கிவிட்டாள். கத்தரி காய்க்கிற நேரமாம், மனசு கேட்கவில்லையாம். அடுத்து அது கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சரி சரி என்று அமுக்கியிருக்கிறாள். அதில் ஒன்று, போனில் இருக்கிற நம்பரையெல்லாம் பார்த்துக்கொள்ளவா என்பது.

விடிவதற்குள் அவள் பேரில் எல்லாருக்கும் அழைப்புப் போய்விட்டது. 'முத்துமாரி உங்களுக்காகக் காத்திருக்கிறார். பூப்பறிக்க வாருங்கள்!' என்று சிவப்பு இதயம் வேறு போட்டு. சிலிண்டர் போடுகிறவருக்கு, கோயில் பூசாரிக்கு, மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கு, எங்கள் போர்மேனுக்கு. போர்மேனின் போனை முதலில் பார்த்தது அவர் வீட்டம்மா. மறுநாள் காலையில் போனை என் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேபிள் ஒட்டுகிற பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏத்தா முத்துமாரி, நீ அனுப்புன சேதியை எங்க வீட்டுல வாசிச்சுட்டாக. எனக்கு ராத்திரிச் சோறு கெடைக்கல. நீ நல்லாப் பூப்பறி!"

புதுப் பூட்டு

அன்று மத்தியானமே முத்துமாரி உட்பட அநேகமாக எல்லாரும் ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டார்கள். அழித்தாலும் போனது போனதுதான் என்றாள் என் மகள். பயம் பிடித்துக்கொண்டதால் போன் பூட்டையும் மாற்ற வேண்டும் என்று முடிவானது. டோக்கன் நம்பர் இனிமேல் வேண்டாம், ஒருத்தருக்கும் தெரியாத நம்பராக இருக்க வேண்டும். நல்ல காரியம் என்று நானும் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஒவ்வொருத்தியும் போனை நீட்டும்போது என் காதுப் பக்கம் குனிந்து புது நம்பரைச் சொல்லிவிட்டுப் போனாள். ஏனம்மா என்றால், ஏதாவது அவசரம் என்றால் நீங்கள் திறக்க வேண்டாமா என்கிறார்கள். கடைசியாக வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வேற யாருக்கும் தெரியக் கூடாது யக்கா. ஒங்களுக்கும் எங்க வீட்டு ஆளுகளுக்கும் மட்டுந்தான்."

பேச்சியம்மாவின் மல்லிச்செடி

பேச்சியம்மா மட்டும் ஆட்டத்தை அழிக்கவும் இல்லை, 'ஏற்கிறேன்' அமுக்கவும் இல்லை. அன்று மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மகன் கருப்பசாமி இந்த வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னதில் தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. "கம்பெனிக்கு வரலைன்னா வீட்டுக்கும் வராத" என்று அவர் சொல்லிவிட்டார். பிள்ளை திருப்பூர்ப் பக்கம் போய் நம்பரையும் மாற்றிக்கொண்டான். பேச்சு இல்லை. ஆனால் தினமும் விடிந்ததும் பேச்சியம்மாவின் மல்லிச்செடியோரம் ஒரு சின்ன வாளிப் படம் வரும், கூடவே 'கருப்பு' என்று பேர். அவன் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று அர்த்தம். பதிலுக்குப் பத்து மணிக்கு என்னை ஒரு பூ அனுப்பச் சொல்வாள். யாருக்கு என்று நானும் கேட்டதில்லை. "வாளியைப் பாத்தா, பிள்ளை நல்லபடியா எந்திரிச்சிட்டான்னு மனசு ஆறும் யக்கா" என்றாள்.

சனிக்கிழமைக்குள் ஏற்காவிட்டால் வாளி போய்விடும். ஏற்றாலோ, முத்துமாரி கதைதான். அவள் வீட்டுக்காரருக்கு அழைப்புப் போகும், திறந்து பார்த்தால் 'கருப்பு' தெரியும். நம்பரையெல்லாம் காட்டாமல் ஏற்கவும் வழி இருக்கிறதாம், ஆனால் ஏற்கெனவே எதை எடுத்து வைத்திருக்கிறார்களோ தனக்குத் தெரியாது என்று என் மகள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். தோட்டத்தில் இரண்டு வரி எழுதுகிற பலகை ஒன்று உண்டு. பேச்சியம்மா அதில் ஒருநாளும் எழுதினதில்லை. எழுதினால் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடுவானோ என்று பயம். இப்போது வேறு வழியில்லை. அவன் நம்பரைக் கேட்டு எழுதச் சொன்னாள். எழுதுவதெல்லாம் வாங்கினவன் கைக்குப் போகுமே என்றேன். அவள் போனுக்குக் கூப்பிடச் சொல்லவும் முடியாது, யார் கூப்பிட்டது என்று வீட்டுக்காரர் சாயங்காலம் பார்ப்பார். கடைசியில் அவளே வாசகம் சொன்னாள், நான் எழுதினேன். 'சனிக்கிழமைக்கு அப்புறம் தோட்டம் இருக்காது. பஸ்ஸை விட்டுட்டா கூப்பிடுவியே, அங்கே கூப்பிடு.'

அது எங்கள் கேட்டில் இருக்கிற லேண்ட்லைன். பள்ளிக்கூட நாளில் பஸ்ஸைத் தவறவிட்டால் அந்தப் பையன் அதில்தான் அம்மாவைக் கூப்பிடுவான். சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுப் பேச்சியம்மா சொன்னாள்: "வாங்குனவன் வாசிச்சா வாசிக்கட்டும். அவனும் பஸ்ஸைத்தான் தேடணும்."

வெள்ளிக் கை

வியாழக்கிழமை வாளி வந்தது, போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாளியும் இல்லை. பேச்சியம்மா போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எழுதியது தப்போ என்று எனக்கே தோன்றிவிட்டது. சாமி படத்துக்குக் கூடுதலாக ஒரு பூ வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லேண்ட்லைன் அடித்தது. "பெரியம்மா, நான் கருப்பசாமி" என்றது குரல். பேச்சியம்மாவைக் கூப்பிட அய்யனார் ஓடினார். பேச்சியம்மா மருந்து ரூமிலிருந்து அப்படியே வந்து நின்றாள், முழங்கை வரைக்கும் வெள்ளி வெள்ளியாக அலுமினியப் பொடி. அந்தக் கையால் எதையும் தொடக் கூடாது. கழுவிவிட்டு வரச் சொன்னால் நகர மாட்டேன் என்கிறாள். நானே ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள், பிடித்த கை என்னுடையது. "சாப்பிட்டியாலே?" என்றாள். அவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு முதல் பேச்சு அது. சாப்பிட்டானாம். வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றும்போது பலகையை வாசித்ததும் ஆட்டத்தை அழித்துவிட்டானாம், இந்தப் போனைப் போடத்தான் இரண்டு நாளாகத் தைரியம் வரவில்லையாம். "பத்து மணிக்குப் பூ அனுப்புறது பெரியம்மான்னு எனக்குத் தெரியும்மா. அந்நேரம் நீ ரூமுக்குள்ளல்ல இருப்ப" என்றும் சொன்னான். ரிசீவரை அவள் காதோடு இன்னும் ஒட்டிப் பிடித்தேன்.

வைத்த பிறகு, பேச்சியம்மாவின் போனில் அந்த வெள்ளைத் திரையைக் காட்டி, இன்றுதான் கடைசி நாள், என்ன செய்ய என்று கேட்டேன். வெள்ளிக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே சொன்னாள்: "அழிச்சிருங்க யக்கா. அவன் பேசுனதை அவுக அப்பாகிட்டச் சொல்ல அந்த ஆட்டக் கம்பெனிக்காரன் எதுக்கு? நான் இருக்கேன்ல, ராத்திரி சோத்தைப் போட்டுட்டு நானே சொல்லிக்கிடுதேன்."

அன்று சாயங்காலமும் போன்கள் எல்லாம் வைத்தவர்கள் கைக்கே போய்த் தட்டு காலியானது, மிச்சமிருந்த தோட்டங்களும் காலியாகிவிட்டன. இத்தனை பேரை வாங்கப் பார்த்த அந்தக் கம்பெனிக்கு, எனக்குத் தெரிந்து, எங்கள் கேட்டிலிருந்து கிடைத்தது முத்துமாரியின் கத்தரிக்காயும் எங்கள் போர்மேன் நம்பரும்தான் என்று நினைத்தபோது, மாரியாத்தாவைக் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.