நாற்பது அக்காவும் நாற்பது பீரியடும்

பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்வித் துறையில், மாடிப்படிக்கு நேர் எதிரே இருக்கும் மூன்றாவது மேஜைதான் அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை. நாற்காலி மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. அலுவலகத்தில் அவளுக்கு 'நாற்பது அக்கா' என்று பெயர். விண்ணப்பத்தோடு யார் வந்து நின்றாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நாப்பது மணி நேரம் ஆச்சா?"

ஆசிரியராக ஆசைப்படுகிறவர் முதலில் ஏதாவது ஒரு பள்ளியின் கடைசி பெஞ்சில் நாற்பது மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டப்படிப்பில் ஐம்பது சதவீதம், இரண்டு பரிந்துரைக் கடிதம், மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, 'நான் ஏன் ஆசிரியராக விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம். இதெல்லாம் இருந்தும் அந்த நாற்பது இல்லையென்றால் கதவு திறக்காது. உள்ளே போனபின் இரண்டு வருடப் படிப்பு, நூறு நாள் கற்பித்தல் பயிற்சி, கடைசியில் தகுதித் தேர்வு. அதையும் தாண்டினால்தான் சான்றிதழ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

ஒப்பிக்காமல் என்ன செய்வாள்? அவளே அந்தக் கதவில் முட்டிக்கொண்டு திரும்பியவள்தானே. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் அவள் போட்ட விண்ணப்பத்தில் முப்பத்தெட்டு மணி நேரம்தான் இருந்தது. கூட்டும்போது ஒரு வரியை இரண்டு தடவை சேர்த்துவிட்டாள். யாராவது ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே போய் உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரத்தை முடித்திருப்பாள். யாரும் சொல்லவில்லை. நிராகரிப்புக் கடிதம்தான் வந்தது. அடுத்த வருடம் அதே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பட்டம் வாங்கிப் பத்து வருடம் தாண்டியவர்கள் நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். எழுதலாம், எழுதலாம் என்றே இருந்தாள். தோற்றால் அலுவலகமே சிரிக்கும் என்ற பயத்தில் எழுதாமலே விட்டாள்.

அதனால் அவளாகவே ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. குறையுள்ள விண்ணப்பத்தின் மூலையில் ஒரு மஞ்சள் சீட்டைக் குத்துவாள். கண்டுபிடித்த தேதி, என்ன குறை, எப்போது போன் செய்தாள், மூன்றும் அதில் இருக்கும். போன் செய்யச் சொல்லி விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. "இதுக்குன்னு சம்பளத்துல கூட்டியா தர்றாங்க?" என்று மேலாளர் கேலி செய்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது என்றிருக்க, திங்கட்கிழமை காலை அவளுடைய ஓரகத்தியின் விண்ணப்பம் வந்து சேர்ந்தது.

கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. இவள் மூத்தவள், அவள் இளையவள். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பட்டம் முடித்தவள் என்பதால் இளையவளுக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. அதிலும் அதிர்ஷ்டம். இளையவள் டீச்சருக்குப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மாமியாருக்கு வாயெல்லாம் பல். "நம்ம வீட்டுலயும் ஒரு டீச்சர் வரப்போறா" என்று பால்காரரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், தவறான எண்ணுக்குக் கூப்பிட்ட யாரோ ஒருவரிடம்கூடச் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் வேலைக்குப் போய் வந்த மூத்தவளைப் பற்றி ஒருநாளாவது யாரிடமாவது வாயைத் திறந்திருப்பாளா?

'எங்க வீட்டு ஃபைல், வேற யாராவது பாருங்க' என்று மூத்தவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வயிறு எரிந்தது. கடைசியாக வகுப்பறைக் குறிப்புத் தாளுக்கு வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பது என்று கொட்டை எழுத்தில் மொத்தம் போட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இருந்தது பீரியட் கணக்கு. பீரியடுக்கு முக்கால் மணி நேரம். நாற்பது பீரியட் என்றால் முப்பது மணி நேரம்தான். பத்து மணி நேரம் குறைகிறது!

அந்தப் பள்ளியில் ஒரு நாளைக்கு ஏழு பீரியட். பத்து மணி நேரத்தை எட்ட இரண்டு முழு நாள் வேண்டும். வியாழன் காலையில் தெரிந்தால்கூட, வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை உட்கார்ந்தால் சரியாக முடியும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் போச்சு. இந்தக் கணக்கை மூத்தவள் மனதுக்குள் ஒரு நொடியில் போட்டுவிட்டாள். மஞ்சள் சீட்டை எடுத்துத் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டாள், குறையை எழுதினாள், குத்தினாள். போன் என்ற இடம் காலியாக இருந்தது.

அந்த ஒரு பக்கக் கட்டுரையையும் படித்தாள். படிக்கக் கூடாதுதான். "என் மகள் பின்னம் புரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய பெரியம்மா பழைய விண்ணப்பத் தாளை நான்காக, எட்டாக மடித்துக் காட்டிப் பத்து நிமிடத்தில் புரியவைத்தார். சொல்லிக்கொடுப்பது என்றால் இதுதான் என்று அன்று தெரிந்தது" என்று எழுதியிருந்தாள் இளையவள்.

வேறொருத்தியாக இருந்தால் மனம் இளகியிருக்கும். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை மடித்தது நான், டீச்சர் ஆகப் போவது அவளா?

திங்கள் சாயங்காலம் இருவரும் அடுப்படியில் தோளோடு தோள் உரச நின்று பாத்திரம் துலக்கினார்கள். "அக்கா, என் ஃபைல் உங்க கைக்கு வந்துச்சா?" என்று இளையவள் கேட்டாள். "நூத்துக்கணக்குல வருது. எதுன்னு பார்க்கறது?" என்றாள் மூத்தவள். செவ்வாய்க்கிழமை அதையும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன மாதிரியும் இருக்கும், காரியமும் ஆகாது. புதன்கிழமை, மருத்துவச் சான்று வைக்க மறந்த யாரோ ஒரு பெண்ணுக்கு வழக்கம்போல் போன் செய்தாள். அந்தப் பெண் தழுதழுத்து, "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றாள். மூத்தவளுக்கு அது வாழ்த்து மாதிரியே இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. மூத்தவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள், இளையவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். மாமியார் காபியோடு வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஃபைலைத் தூக்கிக் குடுக்கற வேலைக்குப் போனே. இவ பாரு, கையில சாக்பீஸ் பிடிக்கப் போறா. எதுக்கும் ஒரு மூளை வேணும்" என்றாள்.

மூத்தவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! டப்பாவை நங்கென்று வைத்தாள்.

"மூளையாம் மூளை! பீரியடுக்கும் மணி நேரத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூளை! நாப்பது பீரியட் உட்கார்ந்துட்டு நாப்பது மணி நேரம்னு எழுதி வச்சிருக்கா உங்க டீச்சர்! பத்து மணி நேரம் குறையுது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். மூன்று நாள் பொத்தி வைத்திருந்ததை அந்த வாயே கொட்டிவிட்டது.

இளையவள் முகத்தில் ஈயாடவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணினாள். "இன்னிக்கு ஏழு, நாளைக்கு ஏழு" என்று முணுமுணுத்தாள். அடுப்பை அணைத்தாள். தலையைக்கூடச் சரியாக வாராமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் புதுத் தாள், பதினாலு பீரியட், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை. மூத்தவள் ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மஞ்சள் சீட்டைக் கழற்ற மறந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் செய்த தவறுகளை எண்ணினால் ஒரு கை போதும். அதில் இது ஒன்று.

இளையவள் சீட்டைப் படித்தாள். தேதியைப் பார்த்தாள். காலியாக இருந்த போன் என்ற இடத்தையும் பார்த்தாள்.

"திங்கக்கிழமையே தெரியுமாக்கா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரியும்" என்றாள் மூத்தவள்.

மேலாளர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். இளையவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானா இருந்தா இன்னிக்கு அஞ்சு மணிக்கு அப்புறம்தான் சொல்லியிருப்பேன்."

"என்னது?"

"பதினோரு வருஷமா பார்க்கறேன்க்கா. காலையில நீங்க பையை மாட்டிக்கிட்டு வாசல்ல இறங்குவீங்க. நான் கரண்டியோட நிப்பேன். எரியும் பாருங்க எனக்கு, அப்படி எரியும்! உங்க பஸ்ஸு பஞ்சராகணும்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

மூத்தவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. புதுத் தாளை இழுத்து, வழக்கப்படி ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள். பழைய முப்பதோடு சேர்த்து நாற்பதரை மணி நேரம். 'முழுமை' என்ற முத்திரையைக் குத்தினாள். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இளையவள் எழுந்தாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்த நுழைவுத் தேர்வை மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சா எல்லாரும் உங்களைத்தான் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. என்னால தாங்க முடியாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உண்மையாகவே பயந்துபோய்த்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுவாள் என்று மூத்தவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

அடுத்த வருட நுழைவுத் தேர்வின் தேதி அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் அறிவிப்புத் தாளை எடுத்து இன்னொரு முறை பார்த்தாள்.