பதினெட்டு மீட்டர்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கூடத்தில் சிவபாண்டிக்குப் பக்கத்துத் தறி என்னுடையது. பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன், இழை அறுந்தால்கூடச் சத்தம் போடாத ஆள். அப்படிப்பட்டவன் அன்று மத்தியானம் ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு வந்து என் முன்னால் ஒரு சீட்டை நீட்டினான். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் மகள் விஜிக்குக் குடலிறக்க ஆபரேஷன். நாலு வயசுப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் வாங்கிவரச் சொன்ன சாமான்களை அதில் எழுதியிருந்தார்கள்.

"அண்ணே, காஸ் துணி ஒரு கட்டுன்னு போட்டிருக்கு. ஒரு கட்டுன்னா பதினெட்டு மீட்டருல்லா. அம்புட்டு ரத்தமா போவும்? அவ ஒடம்புல அம்புட்டு இருக்குமாண்ணே?"

வேறு யாராவது என்றால் சீட்டை மருந்துக்கடையில் நீட்டிவிட்டுப் போயிருப்பார்கள். புண்ணுக்கு வைக்கிற அந்தத் துணியை நெய்கிறவர்கள் நாங்கள். ஒரு மீட்டர் துணி எவ்வளவு குடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தைரியம் சொல்லவேண்டிய நானே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் பதினெட்டு மீட்டருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "டாக்டரு பாத்துக்கிடுவாருலே" என்று மட்டும் சொன்னேன்.

மனைவி அனுசியாவிடம் அவன் மூச்சு விடவில்லை. மறுநாள் அவர்களோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையை உள்ளே கொண்டுபோனதும் அவனுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் நர்ஸ் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மிச்சத் துணியையும் அவன் கையில் கொடுத்தார். துணிக்கட்டின் ஒரு ஓரத்தில்தான் கொஞ்சம் வெட்டியிருந்தது.

"இம்புட்டும் மிச்சமா?" என்றவன், அப்போதுதான் அனுசியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உப்பு ஒரு பாக்கெட்டு வாங்குனா ஒரே கொழம்புலயா கொட்டுதோம்? இதுக்கா நேத்துலருந்து சோறு திங்காமக் கெடந்தீக?"

அவனைத்தான் கேட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் விஜியைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். அரைத் தூக்கத்தில் "அப்பா, தண்ணி" என்றாள். அவள் அடிவயிற்றில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தொடாமல், மேலாக விரலை வைத்து அளந்தான் சிவபாண்டி.

"மூணு விரக்கடைதான் அண்ணே" என்றான்.

சொல்லிவிட்டு, மிச்சத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். எங்கள் துணிதானே, அத்தனையையும் குடித்துக்கொண்டது.