மூன்று நாள் இருட்டு

அருமைநாயகி பயந்த பிறவி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். நாய் ஊளையிட்டால் செபமாலையைத் தேடுவாள். முதல் நன்மை வாங்கிய அன்று நற்கருணை அப்பம் பல்லில் பட்டுவிட்டது, இனி நரகம்தான் என்று பகல் முழுக்க ஒன்றும் தின்னாமல் அழுதவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையைப் பாருங்கள்! மாதகல் கரையிலே எந்தக் காற்றுக்கும் வள்ளம் இறக்குகிற கிறகோரி. அவன் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. மகள் றெஜினா பிறந்த பிறகு பயம் இரட்டிப்பாகிவிட்டது.

மாவுத் தட்டுப்பாட்டால் பாண் வாங்க ஊரே வரிசையில் நின்ற எழுபத்து மூன்றாம் ஆண்டில்தான் திரேசம்மா ரீச்சர் நீர்கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தார். தனிக்கட்டை. கடற்கரையோரம் ஓட்டுவீடு ஒன்றில் இருந்தார். வந்த கையோடு அருமைநாயகியின் ஒழுங்கையில் குடியிருந்த பெண்களைக் கூட்டிச் செபக்கூட்டம் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, பாட்டும் செபமும் நன்றாகத்தான் இருந்தன. தனியே கிடந்து பயந்தவளுக்குப் பத்துப் பேரோடு சேர்ந்து முழங்காலில் நிற்பது எவ்வளவு ஆறுதல்! ஆனால் ரீச்சர் நீர்கொழும்பிலிருந்து கொண்டுவந்தது பாட்டு மட்டுமல்ல. அந்த நாட்களில் கத்தோலிக்க வீடுகளில் வாய்க்கு வாய் பரவிய மூன்று நாள் இருட்டையும் கொண்டுவந்தார்.

உலகம் முழுக்க மூன்று நாள் இருளப் போகிறதாம். லாம்பு எரியாதாம், நெருப்புக்குச்சி பற்றாதாம். கோயிலில் மந்திரித்த தேன்மெழுகுதிரி மட்டும்தான் எரியுமாம். யன்னலை எல்லாம் மூடிக்கட்டி உள்ளே முழங்காலில் இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தவருக்கு அந்த இடத்திலேயே சாவு. இதோடு விட்டாரா ரீச்சர்?

"பேய் வந்து தட்டும்," என்றார் அவர். "பேய்க்குரலிலை வராது. உங்கடை அம்மான்ரை குரலிலை வரும், புருசன்ரை குரலிலை வரும். செபமும் சொல்லும். திறந்தியளோ, வீட்டிலை ஒருத்தரும் மிஞ்சமாட்டியள்."

சொன்னபோது ரீச்சரின் உதடு நடுங்கியது. பொய் சொல்லுகிறவரின் உதடு அப்படி நடுங்காது. அதுதான் வினை. ஒரு மாதத்துக்குள் அந்த ஒழுங்கையில் மந்திரித்த மெழுகுதிரி இல்லாத கத்தோலிக்க வீடே இல்லை. அருமைநாயகி பழைய சீலைகளைக் கிழித்து யன்னலுக்குத் தைத்து வைத்தாள்.

"மூண்டு நாள் இருட்டெண்டால் மூண்டு நாள் தொழிலும் இல்லை. நான் நல்லாப் படுப்பன்," என்று கிறகோரி பகிடி பண்ணினான்.

அவள் குருமனைக்குப் போய்ச் சுவாமியாரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். "பிள்ளை, உது திருச்சபை படிப்பிக்கிற சங்கதியில்லை. போய்ச் சமையலைப் பாரும்." அவர் சொன்னது சரிதான். ஆனால் சிரித்துவிட்டால் பயம் போய்விடுமா? சுவாமியார் பிழை என்றால் சாகப்போவது தன் பிள்ளையல்லவா என்று அவள் போனதைவிட அதிகப் பயத்தோடு வீடு திரும்பினாள்.

மார்கழியில் ஒரு நாள். காலையில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, கிறகோரி வள்ளத்தோடு போனான். மத்தியானம் சாய்ந்ததும் வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் முற்றத்துத் தென்னை தெரியவில்லை. காற்று வேலிக் கிடுகுகளைப் பிய்த்து எறிந்தது. அருமைநாயகி லாம்பைக் கொளுத்த ஓடினாள். குச்சி பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. மழைக்குப் பெட்டி நமுத்திருக்கும் என்று எந்த மனுசிக்கும் தோன்றும், அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்புத் தணலில் மந்திரித்த திரியைப் பிடித்தாள். அது பற்றிக்கொண்டது. ஐயோ, எல்லாம் ரீச்சர் சொன்னபடியே நடக்கிறதே!

யன்னலுக்குச் சீலை கட்டினாள். கதவுக்குக் குறுக்கே திறாங்கைப் போட்டாள். றெஜினாவை அணைத்துக்கொண்டு மாதா சுருவத்துக்கு முன்னே முழங்காலில் விழுந்தாள். வெளியே கடலில் அவன். உள்ளே பிள்ளை. இரண்டையும் ஒரே செபத்தில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"அருமை! கதவைத் திற!"

கிறகோரியின் குரல். அவனுடைய இருமலும் கூட வந்தது.

"அப்பா!" என்று எழும்பிய பிள்ளையின் வாயைத் தாய் பொத்தினாள்.

"வள்ளம் கற்பாரிலை அடிச்சு உடைஞ்சு போச்சு. காலைக் கல்லு வெட்டிப் போட்டுது. நிக்க ஏலாமல் கிடக்கு. திற அருமை!"

"ஆண்டவரின்ரை பேரைச் சொல்லுங்கோ," என்றாள் உள்ளிருந்து. சத்தமே வரவில்லை, திரும்பவும் சொன்னாள்.

"என்ன விசர்க்கதை இது? யேசுவே, மாதாவே, கதவைத் திறவடி!"

செபமும் சொல்லும் என்று ரீச்சர் சொன்னாரே! கதவு குலுங்கியது. திறந்து, நிற்பது பேயாக இருந்தால் பிள்ளை போய்விடும். திறக்காமல், நிற்பது அவனாக இருந்தால் அவன் இரத்தம் வடிந்து சாவான். கடவுளே, இப்படியும் ஒரு பெண்ணைச் சோதிக்கலாமா? அவள் திறாங்கின்மேல் கையை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். நெருப்பைத் தொட்டதுபோல் திரும்பவும் எடுத்தாள்.

தட்டுவது நின்றது. கொஞ்சம் பொறுத்துக் குரல் தாழ்ந்து வந்தது.

"சரி அருமை. உனக்குப் பயமெண்டால் திறவாதை. பிள்ளை பயப்பிடப் போகுது, அவளை மடியிலை வைச்சிரு. நான் ஊர்ந்தெண்டாலும் பின்வளவு மகாதேவி அக்கா வீட்டை போறன், அவை சைவம், திறப்பினம்."

ஈர மண்ணில் எதையோ இழுக்கும் சத்தம் மெல்ல விலகியது.

அருமைநாயகி கதவில் காதை வைத்தாள். பேய் இப்படியா சொல்லும்? பயமுறுத்த வந்தது, பிள்ளை பயப்படும் என்று விலகிப் போகுமா? இத்தனை மாதமாகத் தன்னைத் தின்னவிடாமல், உறங்கவிடாமல் பயமுறுத்தியது எது என்று அவள் யோசித்தாள். அது கதவுக்கு வெளியே நிற்கவில்லை. எப்போதோ வீட்டுக்குள் வந்துவிட்டது. அவள்தான் அதை மெழுகுதிரி கொளுத்தி வரவேற்று வைத்திருந்தாள்.

இதனால் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல்லுக் கிட்டித்தபடிதான் திறாங்கைத் தூக்கினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். மழை முகத்தில் அடித்தது. வேறொன்றும் அடிக்கவில்லை.

கிறகோரி கிணற்றடிவரை ஊர்ந்துவிட்டிருந்தான். தோளைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, யன்னலில் கட்டிய சீலையை உரித்து அவன் காலுக்குச் சுற்றினாள். மெழுகுதிரியிலிருந்து லாம்பைக் கொளுத்தினாள். அது சாதாரணமாக எரிந்தது. பிள்ளை தகப்பனின் ஈர மார்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"என்ரை குரல் உனக்குத் தெரியேல்லையோ?" என்று அவன் கேட்டான்.

"தெரிஞ்சது. தெரிஞ்சபடியால்தான் பயந்தனான்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பகிடி பண்ணவில்லை.

காற்று கொஞ்சம் குறைந்தபோது ஒழுங்கையில் ஒரு குரல் கேட்டது. திரேசம்மா ரீச்சரின் குரல். வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டதாம், சுவரும் விழுகிறதாம், தயவுசெய்து திறவுங்கோ என்று கெஞ்சினார். ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் கெஞ்சக் கெஞ்ச, அந்த வீடுகளுக்குள்ளே செபமாலை இன்னும் உரத்துக் கேட்டது.

அருமைநாயகி லாம்பைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலைக்கு ஓடினாள். ரீச்சர் வெறுங்காலோடு, தலை அவிழ்ந்து, தெப்பமாக நனைந்து நின்றார்.

"உள்ளை வாங்கோ ரீச்சர்."

ரீச்சர் வெளிச்சத்தைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். ஓரடி பின்னே போனார்.

"கிட்ட வராதை! ஆர் நீ?"

"நான் அருமை, ரீச்சர்."

"இல்லை!" ரீச்சரின் பற்கள் கிடுகிடுத்தன. "அருமை கதவு திறக்கமாட்டாள். நான் படிப்பிச்சனான்."

பிறந்த நாள்முதல் கண்டதற்கெல்லாம் பயந்தவள் அருமைநாயகி. அவளைக் கண்டு ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் வாதாடவில்லை. லாம்பைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்தாள்.

"உள்ளை அவரும் பிள்ளையும் இருக்கினம், ரீச்சர். போய்த் துவட்டுங்கோ. நான் அங்காலை நிக்கிறன், கிட்ட வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தைத் தாண்டி நடந்தாள். கிணற்றடியில், மழையில், அந்தக் கும்மிருட்டில் தன்னந்தனியே, ரீச்சர் உள்ளே போகும்வரை நின்றாள்.