பெட்டியை இறக்குகிற கை

கோடை விடுமுறையில் பள்ளிக்கூட வேனுக்கு வேலை இல்லை, அதை ஓட்டுகிறவளுக்கும் இல்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போய், வழியில் அண்ணன், அக்கா, தம்பி மூவர் வீட்டையும் பார்த்துவிட்டு வருவதாகத் தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "கொடுத்து வச்ச மனுஷன்" என்றார்கள். அப்பா சன்னலுக்குள்ளிருந்து தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

உண்மை அவள் முதுகில் இருந்தது. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, பள்ளி திறப்பதற்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், பிறகு கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கனம்னா எவ்வளவு டாக்டர்?"

"தண்ணிக்குடம்கூட வேண்டாம்."

அப்பா குடம் இல்லை. கால்கள் விளங்காமல் போனதிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்குகிறவள் அவள்தான். இனி மூவரில் ஒருவர் அவரை வைத்துக்கொள்ள வேண்டும். முதுகு விஷயத்தை மூவருக்கும் போனில் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் சொன்னால் உதவி கேட்டதாகிவிடும். அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை.

அப்பா பழக்கியது அது. பேருந்து நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுக்கும் அறையில் காலம் தள்ளியவர். தங்க வந்தவன் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பார். வீட்டுக்காரர் வந்து இறக்க வேண்டும். இறக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். "வாய் ஆயிரம் தடவை இருன்னு சொல்லும். கை சொல்லுதான்னு பாரு." நான்கு பிள்ளைகளும் இதில் வளர்ந்தவர்கள்.

அப்பாவின் பழுப்புப் பெட்டியை வேனின் பின்கதவை ஒட்டி, கைப்பிடி வெளியே பார்க்கும்படி வைத்திருந்தாள்.

அண்ணனுக்கு அடிவாரத்தில் மருந்துக்கடை. ஓடிவந்து பக்கக் கதவைத் திறந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"முகத்துல என்ன களை! எல்லாம் உன் கைராசி, சின்னவளே. நாங்க பாத்துக்கிட்டா இப்படி இருப்பாரா?"

"நானும் மனுஷிதான் அண்ணே."

"நீ மனுஷியா? தெய்வம்!"

தெய்வத்துக்கு வலி மாத்திரை ஒரு அட்டை கிடைத்தது. பின்கதவுப் பக்கம் அவன் போகவே இல்லை.

மலை ஏற ஆரம்பித்ததும் ஓர் அருவி வந்தது. அப்பா பார்க்க வேண்டும் என்றார். இறக்கினால் திரும்ப ஏற்ற வேண்டுமே என்று அவள் சன்னலைத் திறக்கப் போனாள். அது பிள்ளைகள் கை நீட்டாதிருக்கப் பூட்டிய சன்னல். கண்ணாடியில் ஒட்டியிருந்த கரடிப் படத்துக்கும் நிலாப் படத்துக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் அப்பா அருவியைப் பார்த்து முடித்தார்.

அக்கா வீட்டில் அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். "முதுகு எப்படிடீ இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாசலுக்குப் போய் வேனின் பின்கதவில் சாய்ந்து நின்றார். டீ குடித்ததும் அங்கேதான், அப்பாவிடம் பின்கண்ணாடி வழியாக உடம்பு விசாரித்ததும் அங்கிருந்தேதான்.

வேன் கிளம்பி ஒரு வளைவு தாண்டியதும் அப்பா சொன்னார்: "பாவம் மாப்பிள்ளை. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்."

அவள் கியரை மாற்றினாள்.

மிச்சம் தம்பி மட்டும்தான். மலை உச்சியில், காட்சிமுனையை ஒட்டி அவன் வீடு. சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுப்பது தொழில். வேன் நின்றதுமே பாய்ந்து வந்தான். பின்கதவைத் திறந்தான். பழுப்புப் பெட்டியைத் தூக்கினான்.

அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது பெட்டி வீட்டுக்குள் போயிருக்கவில்லை. காட்சிமுனைக் கம்பியருகே கிடந்தது. தம்பி அப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய் அதன்மேல் உட்கார வைத்துத் தோளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நாற்காலில வச்சா பள்ளத்தாக்கு மறையுதுப்பா. பெட்டிதான் சரியான உயரம். அக்கா, நீயும் வந்து நில்லு. கொஞ்சம் சிரியேன், என்னமோ பாஸ்போர்ட் படம் மாதிரி!"

படம் எடுத்தான். மேகமும் மலையுமாக நன்றாகவே வந்திருந்தது. பிறகு அப்பாவை வேனில் ஏற்றி, பெட்டியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே, கைப்பிடி வெளியே பார்க்கும்படி வைத்துக் கதவைச் சாத்தினான்.

"மழைக்கு முன்னாடி இறங்கிடுங்கக்கா. பனி மூடினா ரோடு தெரியாது."

இறக்கத்தில் தடுப்புச்சுவர் இல்லாத ஒரு வளைவில் அவள் வேனை நிறுத்தினாள். கால் பிரேக்கில் இருந்தது. கீழே வெறும் வெள்ளை. காலை எடுத்தால் போதும். அதற்கு எதையும் தூக்க வேண்டியதில்லை.

"எதுக்கும்மா நிறுத்தின?"

"காட்சி பாக்கத்தான்பா."

அப்பா எட்டி அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு, "பாத்தது போதும். வண்டியத் திருப்பு" என்றார்.

தம்பி வீட்டு வாசலில் மழை தூற ஆரம்பித்திருந்தது. அவளே பின்கதவைத் திறந்து, பெட்டியை இரண்டு கையாலும் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியில் கொண்டுபோய் வைத்தாள். முதுகில் மின்னல் போல ஒன்று இறங்கிக் கால்வரை ஓடியது. தம்பி கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அப்பா இங்க இருக்கட்டும்" என்றாள். "என்னால முடியல."

அவள் வாயிலிருந்து அப்படி ஒன்றை அவன் கேட்டதே இல்லை. "அண்ணன்கிட்ட..." என்று ஆரம்பித்தான். பெட்டிமேல் மழை விழுந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "டேய், பெட்டி நனையுது. உள்ள எடு."

பிறகு, சின்னதாக: "என்னையும்டா."

அப்பா வாய்விட்டுக் கேட்டுவிட்டார். தம்பி குனிந்து பெட்டியை எடுத்தான். வாசலைத் தாண்டி உள்ளே வைத்துவிட்டு வந்து, அப்பாவைத் தூக்கினான். சரியாகத் தூக்க இன்னும் தெரியவில்லை. அக்குளில் கைகொடுக்காமல் இடுப்பைப் பிடித்தான். அப்பாவின் தலை கதவில் இடித்தது. அவள் கைகள் தாமாக நீண்டன. பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தம்பியின் தோளில் தொங்கியபடி அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பேருந்து நிலையத்தில் பெட்டி வைக்க வந்த எல்லோரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டார்:

"எப்ப வந்து எடுத்துக்குவீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுவை சிகிச்சை நன்றாக நடந்தாலும் இனி எதையும் தூக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"சீக்கிரம்பா" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அப்பா.

கீழே இறங்கும்போது காலி இருக்கையின் பெல்ட் ஒவ்வொரு வளைவிலும் சன்னலில் தட்டிக்கொண்டே வந்தது. அதை மாட்டிவிட நிறுத்தியிருக்கலாம். எங்கும் நிறுத்த அவளுக்குத் தைரியம் இல்லை.