இடப்பக்கத்துப் படி

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் பைக்கை விட்டிருந்த மெக்கானிக் ஷெட்டுக்கு, ஜீப்பின் சைடு ஸ்டெப்பை மாற்ற வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் ஏறி இறங்கும் வலப்பக்கத்துப் படி தேய்ந்து தொங்கியது. இடப்பக்கத்துப் படியில் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அதை அடிக்கடி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டையும் கழட்டிட்டு ஜோடியா புதுசு போட்டுடலாமா சார்?” என்றார் மெக்கானிக்.

“வேணாம்பா. அந்தப் பக்கம் யாரும் ஏறுனதில்ல. சீக்கிரம் முடி, வாலாஜாபாத் போவணும்.”

வேலை முடிந்ததும் ஜீப்காரர் என் பக்கம் திரும்பினார்.

“பைக் இன்னிக்குக் கெடைக்காது போலிருக்குதே. நீங்க எங்க போவணும்?”

“சின்ன காஞ்சிபுரம்.”

“நானும் அங்கதான் போறேன். வாங்க.”

வாலாஜாபாத் என்றாரே என்று நினைத்தபடி இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அந்த உறையின் மேல் கால் வைக்க மனம் வரவில்லை.

“மிதிச்சி ஏறுங்க சார். கிழிஞ்சா கிழியட்டும்.”