சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடறீங்களா?

போன வாரம் என் கிளினிக்கில் ஒரு கரும்பு விவசாயி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"இன்னா கேட்டீங்க?"

நான் கேட்டது சின்னக் கேள்விதான். "சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடறீங்களா?"

நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மானம், ரோஷம் இருக்கிறதா என்று கேட்கிற கேள்வி. குழாயடியில் கேட்டால் குடம் பறக்கும். அதைப் படவேட்டிலிருந்து பஸ் மாறி வந்த மனிதரிடம், மனைவியின் எதிரில் வைத்துக் கேட்டால்...?

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவருக்கு எழுதப்போகும் மாத்திரைக்காகத்தான் கேட்டேன் என்று விளக்கினேன். அரை மனதோடு சமாதானமானார். ஆனால் இந்தக் கோபத்துக்கெல்லாம் நான் அசருவதில்லை. கேட்காமல் விட்டபோது நான் பட்ட பயம் அப்படி.

போன ஆடியில் நடந்தது அது.

செங்கத்தில் கிளினிக் வைத்திருந்தாலும் வியாழக்கிழமைகளில் நான் ஜவ்வாது மலைக்குப் போய்விடுவேன். ஒரு வாடகை அறை, ஒரு மேஜை, ஒரு மருந்து அலமாரி — அதுதான் என் மலை ஆஸ்பத்திரி. அங்கே வருகிறவர்களில் ஒருவர் வெள்ளையன். சாமை விதைக்கிறவர், சாதுவான மனிதர். ஒரு சமயம் பத்து நாள் தூங்காமல், பேச்சை நிறுத்தாமல், வீட்டிலிருந்த புளி மொத்தத்தையும் வழியில் போனவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வேலூரில் ஒரு மனநல டாக்டர் பார்த்து, லித்தியம் என்ற மாத்திரையை ஆரம்பித்தார். ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது அங்கே போய்ச் சோதிக்க வேண்டும். மாதாமாதம் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

வெள்ளையனின் மனைவி முனியம்மாவுக்கு அந்த மாத்திரை என்றாலே நடுக்கம். "பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரையாம். மூளையத் தின்னுடும்னு ஊர்ல சொல்றாங்க டாக்டரு."

"மாத்திரைன்னு ஏம்மா பயப்படறீங்க? இது ஒரு வகை உப்புதான். மண்ணுல கிடைக்கிற உப்பு. அவ்வளவுதான்."

பொய் இல்லை. லித்தியம் ஓர் உப்புதான். முனியம்மாவின் முகம் தெளிந்தது. எவ்வளவு அழகாகப் புரிய வைத்தோம் என்று பஸ்ஸில் மலை இறங்கும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளையன் ஏர் ஓட்டினார், தூங்கினார், சிரித்தார். பிறகு ஆடி பிறந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். முனியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கை ஒதறுதுங்க. நேத்திலிருந்து வாந்தி. நிக்க வெச்சா சாய்றாரு. அம்மன் வந்து எறங்கியிருக்குதுன்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கென்னமோ பயமா இருக்குது."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். பாயில் கிடந்தார். கை, தாடை எல்லாம் உதறல். பேர் கேட்டால் நாக்கு குழறியது. மாத்திரையை அதிகமாக விழுங்கிவிட்டாரா? டப்பாவைக் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கு சரியாக இருக்கிறது, மனிதர் இப்படிக் கிடக்கிறார் என்றால்...?

பக்கத்தில் சாமைக் கஞ்சி இருந்தது. யாராவது பச்சிலை மருந்து எதையாவது கலந்து கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கசக்கவில்லை. எதுவுமே இல்லை. சப்பென்று இருந்தது.

"உப்பு போட மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கலங்க. இவருக்கு நல்லா ஆனா ஆடி பூரா வூட்டுல உப்பில்லாம திங்கறோம்னு படவேட்டம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். ஆடி ஒண்ணுலயிருந்து நிறுத்திட்டேன்."

என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "ஒடம்புக்கு உப்பு வேணும்னு தெரியும்ங்க. அதான் மாத்திரையே உப்புன்னு நீங்க சொன்னீங்களே. அது போதும்னு இருந்துட்டேன்."

கொட்டிய மாத்திரைகளை டப்பாவில் அள்ளிப் போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் பதறிப்போகும். இருக்கிற உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே எண்ணிக்கை, உள்ளே விஷமாக ஏறும். இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். முனியம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

என் அறையில் இரண்டு சலைன் பாட்டில்கள் இருந்தன. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாயோடு அவரைத் தூக்கி வந்து நரம்பில் ஏற்றினோம். சாயங்காலம் வரை பஸ் இல்லை. மூங்கில் ஏற்ற வந்த லாரி ஒன்று காலியாக நின்றது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அதுல இன்னா இருக்குதுங்க?" என்றாள் முனியம்மா.

"உப்புத் தண்ணி."

"ஐயோ, வெரதம் முறிஞ்சிடுமே."

"வாயில போகலையேம்மா. முறியாது." அம்மன் சார்பில் நான் தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மலை இறங்கும் ரோட்டில் எத்தனை வளைவு என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் "வெள்ளையன்" என்று கூப்பிட்டேன். "உம்" என்று முனகினார். ஒரு வளைவில் சத்தமே வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. நாடியைப் பிடித்தேன். என் விரல்தான் துடித்தது. எது அவர் நாடி, எது என் நடுக்கம் என்று தெரியவில்லை.

இந்த மனிதர் செத்தால் கொன்றது நான்தான். அதைவிடப் பயங்கரம் ஒன்று இருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அம்மன் அழைத்துக்கொண்டாள் என்பார்கள். முனியம்மா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு மலையேறிவிடுவாள். அடுத்த வியாழக்கிழமை நானும் வழக்கம்போல் பஸ் ஏறுவேன்.

"உம்" என்றார் வெள்ளையன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போளூர் தாண்டி, வேலூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பாட்டில் தீரும் நிலையில் இருந்தது. ரத்தத்தில் அளவைப் பார்த்த டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாரம் வைத்திருந்தார்கள். நடுக்கம் நின்றது, நாக்கு திரும்பியது. இப்போது குறைந்த அளவில் அதே மாத்திரை, கஞ்சியில் உப்பு.

ஊர் திரும்பியதும் முனியம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "தப்பு என்னுடையதும்மா. நான் கேட்டிருக்கணும், சொல்லியிருக்கணும்."

"நீங்க இன்னாங்க பண்ணுவீங்க? உப்ப நிறுத்துனது நானு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த ஆடிக்கு வேற எத நிறுத்தலாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

வெல்லத்தை நிறுத்தச் சொன்னேன்.

அதனால்தான் இப்போதெல்லாம் பேனாவை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி. விரதம் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடறீங்களா?

அன்றைக்கு லாரியில் யாராவது இதை என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால், கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.