டீச்சர் விட்ட பழம்

சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் மதியச் சாப்பாடு சமைத்தபோது, மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். கையிலுள்ள சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார்.

ஒருநாள் பிள்ளைகள் முன்னால் என் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. பெரியவர்கள் அதை என் வழக்கமான கூச்சம் என்றே நினைத்தார்கள். பிள்ளைகளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஒருநாள் மதியம் டீச்சர் சமையலறைக்கு வந்து, தூளைத் தட்டாமலே இரண்டு விரலை நீட்டினார்.

“ஏனுங்கம்மா, எங்கூடக் காய் உட்டுட்டீங்கன்னு புள்ளைங்க சொல்றாங்க. பழம் உட்டுக்கலாமுங்களா?”

“கையெல்லாம் புளியுங்க.”

“இருக்கட்டுமுங்க. நீட்டுங்க.”

தொட்டேன். வாசலில் பிள்ளைகள் “பழம், பழம்” என்று குதித்தார்கள்.

உப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஏன் என்றுதான் இன்றும் தெரியவில்லை.